மஃப்ளர் ஓரம் சுருள்கிறது, வழி சொல்லுங்கள்

கிறிஸ்துமஸுக்கு ஊட்டியில் இருக்கும் அப்பாவுக்கு மஃப்ளர், அக்கா பிள்ளைகளுக்குக் குல்லா, எல்லாமே கையால் பின்னிக் கொடுக்க ஆசை. குல்லா முடிந்தது. மஃப்ளர்தான் படுத்துகிறது. இரண்டு பக்க ஓரமும் உள்ளே சுருண்டு குழாய் மாதிரி ஆகிவிடுகிறது. அப்பாவுக்குக் குளிர் ஆகாது, கழுத்து முழுக்க மூட வேண்டும்.

அக்ரிலிக் நூல், 4 மி.மீ. ஊசி, 40 கண்ணி. ஒரு வரிசை நிட் (நேர்ப் பின்னல்), ஒரு வரிசை பர்ல் (அதன் எதிர்ப் பின்னல்). பாதி நீளம் வந்தாயிற்று. நனைத்து, குண்டூசி குத்திக் காய வைத்தேன். குண்டூசியை எடுத்ததும் பழையபடி சுருண்டது. ஈரத்துணி போட்டு இஸ்திரி போட்டேன். அந்த இடம் மட்டும் தொய்ந்து, நூலின் மெத்துமெத்துப்பே போய்விட்டது. அப்புறம் ஓரத்தில் இரண்டு கண்ணி மட்டும் எப்போதும் நிட் போட்டும் பார்த்தேன், நிற்கவில்லை.

பின்னியதைப் பிரிக்காமல், குரோஷா ஊசியால் (முனையில் கொக்கி உள்ள ஊசி) ஓரம் கட்டினால் சுருளாமல் படியுமா?