புதுப்பிப்பு: ஹெட் கேஸ்கெட்தான், மாற்றியாயிற்று

ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது, கீழே ஒரு சொட்டு ஒழுகல்கூட இல்லை, ஆனால் வெள்ளைப் புகை நிற்கவே மாட்டேன் என்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன் அல்லவா, அந்தப் பழைய மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார்தான். வாட்டர் பம்ப்பாக இருக்கும் என்று பலர் சொன்னீர்கள். இல்லை. எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் தகடு, அதாவது ஹெட் கேஸ்கெட்தான். கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் மானி) இரவல் வாங்கிப் பார்த்தேன்: முதல் சிலிண்டர் 170 பிஎஸ்ஐ, இரண்டும் மூன்றும் 90-ஐத் தாண்டவில்லை. அடுத்தடுத்த சிலிண்டர்கள் சேர்ந்து விழுந்தால் முதல் சந்தேகம் நடுவிலிருக்கும் கேஸ்கெட் மேல்தான்.

ஹெட்டைக் கழற்றியதும் தெரிந்துவிட்டது. அந்த இரண்டுக்கும் இடையே உள்ள ஒல்லியான பட்டையில் கேஸ்கெட் கருகி அறுந்திருக்கிறது, மூன்றாவது பிஸ்டனின் தலை மட்டும் கரியே இல்லாமல் புளி போட்டுத் தேய்த்த செம்பு மாதிரி பளபள. உள்ளே புகுந்த தண்ணீர் ஆவியாகிச் செய்த வேலை.

அப்புறம், புது கேஸ்கெட்டை அப்படியே வைத்து மூடிவிடாதீர்கள். ஹெட்டின் குறுக்கே இரும்பு மட்டக்கோல் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டால் 0.10 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்தது, அதாவது ஹெட் வளைந்திருந்தது. லேத் பட்டறையில் கொடுத்து மட்டம் பிடித்தேன். போல்ட் துளைகளில் தேங்கிய தண்ணீரை ஊதி எடுத்துவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு, டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்துப் படிப்படியாக முறுக்கினேன்; கழற்றும்போது நேர்மாறு. கைக்கணக்கு போதும் என்றவருக்கு: அலுமினிய ஹெட்டில் அந்த விளையாட்டு வேண்டாம் அண்ணே.

ஆயில் மாற்றி, கூலன்ட் நிரப்பி, அதில் சிக்கிய காற்றெடுத்து, மலைப்பாதையிலும் ஓட்டியாயிற்று, வெப்பமானி முள் நடுவைத் தாண்டவில்லை. தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூட்டைப் பொறுத்து கூலன்டைத் திறந்துவிடும் வால்வு) கழற்றி எறியச் சொன்னவர்களே, புதிதாகவே ஒன்று போட்டிருக்கிறேன்.