புதுப்பிப்பு: குற்றாலத்து நைட்டிகளைப் பற்றி நான் எழுதியது

தென்மேற்குப் பருவமழையின் சாரல் காலத்தில் குற்றாலம் சென்றிருந்தபோது, நைட்டியின் மேல் துண்டைப் போர்த்தியபடி கடைவீதியில் நடந்த பெண்களைப் பார்த்து, பொது இடத்தில் இப்படியா உடுத்துவது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். பின்னர் அக்காவுடன் மீண்டும் போனேன். ஐந்தருவியில் புடவையுடன் குளித்த அவர், நனைந்த துணி காலைச் சுற்றிக்கொண்டதால் வழுக்குப் பாறையில் இருமுறை தடுமாறினார். மறுநாள் பேரருவிக்கு அவரும் நைட்டியில்தான் வந்தார். அருவியிலிருந்து விடுதிக்குத் திரும்பும் வழியே கடைவீதிதான் என்பதை நான் எண்ணிப்பார்க்கவே இல்லை. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, இடுப்பில் துண்டு மட்டும் கட்டி அதே வீதியில் நடந்த ஆண்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதது அதைவிடப் பெரிய தவறு. அப்போது இணைத்திருந்த புகைப்படத்தை, அதில் யாருடைய முகமும் தெரியாவிட்டாலும், நீக்கிவிட்டேன்.