தாத்தா வீட்டு வாரிசுகள்

கார்த்தி: நேற்று பஸ்ஸில் வரும்போது ஒரு நாவலை முடித்தேன். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து சீட்காரர் இரண்டு தடவை எழுந்துவிட்டார். ஹாரி ஹாரிசன் 1965இல் எழுதிய ‘பில், தி கேலக்டிக் ஹீரோ’. சித்தப்பா கட்டாயம் படிக்க வேண்டும்.

மீனா அத்தை: என்னடா கதை?

கார்த்தி: பில் என்று ஒரு பையன், வயலில் உழுதுகொண்டிருப்பான். பேண்ட் வாத்தியத்தோடு ஆள் பிடிக்க வருகிறவர்கள், குடிக்கக் கொடுத்து மயக்கிக் கையெழுத்து வாங்கி, விண்வெளிப் படையில் தள்ளிவிடுவார்கள். எதிரி ஏழடிப் பல்லி என்பதுதான் பிரசாரம். நேரில் பார்த்தால் ஏழு அங்குலம்!

நந்து: ஓணான் சைஸ் 😂

ராணுவச் சித்தப்பா: எழுதினவர் பட்டாளத்தில் இருந்தவரா?

கார்த்தி: ஆமாம் சித்தப்பா. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்க ராணுவ விமானப்படையில் இருந்தார். பட்டாள வாழ்க்கையே வெறுத்துப்போய்விட்டது. 1959இல் ராபர்ட் ஹைன்லைன் என்ற அமெரிக்க எழுத்தாளர் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’ நாவல் எழுதி விண்வெளிக் காலாட்படையைத் தூக்கிவைத்தார் அல்லவா, அதைத்தான் ஹாரிசன் இதில் கிண்டலடிக்கிறார்.

ராணுவச் சித்தப்பா: அதானே பார்த்தேன்.

கார்த்தி: பயிற்சி முகாமில் ஒருத்தன். எப்போதும் சிரித்த முகம். ராத்திரி எல்லோரும் தூங்கும்போது உட்கார்ந்து மற்றவர்கள் பூட்ஸுக்கெல்லாம் பாலிஷ் போடுவான்.

ராணுவச் சித்தப்பா: உளவாளி.

கார்த்தி: 😳 படித்துவிட்டீர்களா?

ராணுவச் சித்தப்பா: இல்லை. 22 வருஷ சர்வீஸில் அடுத்தவன் பூட்ஸைத் தானாக வந்து துடைத்தவன் ஒருத்தனையும் நான் பார்த்ததில்லை.

கார்த்தி: உளவாளியேதான்! மனுஷன்கூட இல்லை, ரோபோ. மண்டைக்குள் உட்கார்ந்து அந்த ஏழு அங்குலப் பல்லி ஓட்டுகிறது.

மீனா அத்தை: தலையில் பல்லி விழுந்தால் கலகம் என்று பஞ்சாங்கத்தில் இருக்கிறது. தலைக்குள்ளேயே குடியிருந்தால் என்ன பலனாம்?

கார்த்தி: 🤣 இன்னொன்று அத்தை. சண்டையில் பில்லுக்கு இடது கை போய்விடும். அந்த இடத்தில் செத்துப்போன இன்னொருத்தனின் வலது கையை ஒட்டிவிடுவார்கள். இரண்டும் வலது கை. அப்புறம் இரண்டாலும் சல்யூட்!

ராணுவச் சித்தப்பா: அப்போது துப்பாக்கியை எதில் பிடிப்பான்?

கார்த்தி: முடிவில்தான் சிரிப்பு நின்றுவிட்டது. பில்லே ஆள் பிடிக்கச் சொந்த ஊருக்குப் போவான். தன் சர்வீஸில் ஒரு மாசம் குறையும் என்று கூடப்பிறந்த தம்பியையே சேர்த்துவிடுவான்.

மீனா அத்தை: அடப்பாவி! பெற்றவள் என்ன பாடுபட்டிருப்பாள்.

நந்து: சித்தப்பா, என்சிசியில் சேரச் சொல்லி எனக்குத் தினமும் ஃபோன் செய்கிறீர்களே, உங்களுக்கு எத்தனை மாசம் குறையும்?

ராணுவச் சித்தப்பா: நான் ரிட்டயர் ஆகிப் பத்து வருஷமாகிறதுடா.

ராணுவச் சித்தப்பா: கார்த்தி, புத்தகத்தை எடுத்து வை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நந்துவையும் வீட்டில் இருக்கச் சொல்.