புக்கிங் மெயில்: மென்பொருளோடு வரும் எஸ்எம்டிபி சர்வரை வெளியே திறப்பது எப்படி?

பட்டர்வொர்த்_சரக்கு:
வணக்கம். வாடிக்கையாளர் அனுப்பும் புக்கிங் மெயிலைப் பிரித்து, கன்டெய்னர் எண், தேதி, பிடிஎஃப் எல்லாவற்றையும் டேட்டாபேஸில் போடும் மென்பொருள் ஆபிஸ் விண்டோஸ் சர்வரில் ஓடுகிறது. இப்போது பாப்3 (மெயில் பெட்டிக்குப் போய் மெயிலை எடுத்து வரும் முறை) வழியாக 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை மெயில் எடுக்கிறது. வடக்கு பட்டர்வொர்த் கன்டெய்னர் முனையத்தில் கட்-ஆஃப் (சரக்கு ஏற்கும் கடைசி நேரம்) நெருங்கும்போது அந்த 5 நிமிஷமே பெரிசு. மென்பொருளுக்குள்ளேயே எஸ்எம்டிபி சர்வர் (மெயிலை நேரடியாக வாங்கும் பகுதி) இருப்பதால் அதைப் போர்ட் 25-இல் ஓட விட்டாச்சு. அதே கணினியில் டெல்நெட் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) அடித்தால் 220 ('தயார்' என்ற பதில்) வருகிறது, வெளியிலிருந்து ஒன்றும் வருவதில்லை. ஆபிஸ் மெயில் முழுக்க கூகுள் வொர்க்ஸ்பேஸில். எம்எக்ஸை (டொமைனுக்கு வரும் மெயில் எந்தச் சர்வருக்குப் போகணும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) இந்தச் சர்வருக்கு மாற்றணுமா? இன்னொன்று, தமிழ்த் தலைப்புகளில் நடுநடுவே ஒன்றிரண்டு எழுத்து உடைந்து வருகிறது.

பிறை_நெட்வொர்க்:
எம்எக்ஸை இப்போதைக்குத் தொடாதீங்க. முதல்ல கமாண்ட் பிராம்ப்டில் நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ அடிச்சுப் பாருங்க. 127.0.0.1:25 என்று காட்டினால் சர்வர் தனக்குள்ளேயே பேசிக்கிட்டிருக்கு. மென்பொருள் அமைப்பில் கேட்கும் முகவரியை 0.0.0.0 என்றோ சர்வரின் லேன் ஐபி என்றோ மாத்துங்க. அடுத்தது விண்டோஸ் ஃபயர்வால். விதி போட்டிருப்பீங்க, ஆனா அது 'பிரைவேட்' புரொஃபைலுக்கு மட்டும் இருக்கும், நெட்வொர்க் கார்டோ 'பப்ளிக்' என்று பதிவாகியிருக்கும். இது ரொம்பச் சகஜம்.

பிறகு ரவுட்டரின் வான் ஐபியைப் (இணையப் பக்க முகவரி) பாருங்க. 100.64-லிருந்து 100.127-க்குள் ஆரம்பித்தால் அது பல பேர் பங்கு போடும் முகவரி. போர்ட் ஃபார்வர்ட் (வெளியிலிருந்து வருவதை உள் கணினிக்குத் தள்ளும் ரவுட்டர் விதி) எவ்வளவு போட்டாலும் வெளியாள் உள்ளே வர முடியாது.

கைப்பேசி ஹாட்ஸ்பாட்டிலிருந்து டெல்நெட் 25 சோதிக்காதீங்க. வெளியே போகும் 25-ஐ அந்த லைனே அடைச்சிருக்கலாம், நம்ம சர்வர் மேல் வீண் சந்தேகம் வரும். வாடகை சர்வர் ஒன்றிலிருந்து சோதிங்க.

பட்டர்வொர்த்_சரக்கு:
நன்றிங்க அண்ணா. 127.0.0.1-தான் இருந்தது, மாத்தியாச்சு. ஆபிஸுக்குள் வேறு கணினியிலிருந்து இப்போ வருது. ஆனா வான் ஐபி 100.72 என்று ஆரம்பிக்குது.

கேஎல்_அஞ்சல்காரர்:
அப்போ இரண்டே வழி. ஒன்று, பொது நிலை ஐபி உள்ள வணிக லைன் எடுக்கணும், 25 திறந்திருக்கும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்க. இல்லையென்றால் சைபர்ஜெயாவிலோ சிங்கப்பூரிலோ ஒரு சின்ன வாடகை சர்வர் எடுத்து, அதில் போஸ்ட்ஃபிக்ஸ் (ஒரு மெயில் சர்வர் மென்பொருள்) போட்டு, வயர்கார்ட் (விபிஎன்) சுரங்கம் வழியா ஆபிஸ் சர்வரின் போர்ட் 2525-க்குத் தள்ளுங்க. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆபிஸில் கரன்ட் போனாலும் போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை வரிசையில் வைத்திருக்கும், இயல்பு அமைப்பில் 5 நாள் வரை. போஸ்ட்ஃபிக்ஸின் டிரான்ஸ்போர்ட் வரியில் (மெயிலை எங்கே தள்ளணும் என்று சொல்லும் வரி) ஆபிஸ் சர்வரின் சுரங்க ஐபியைச் சதுர அடைப்புக்குள் போடுங்க: [10.8.0.2]:2525. அடைப்பு எதற்கென்றால் எம்எக்ஸ் தேடாதே என்று சொல்ல. அங்கே ஹோஸ்ட் பெயரை அடைப்பில்லாமல் போட்டால் எம்எக்ஸ் தேடி, அது தன்னையே காட்டி, மெயில் ஆபிஸ் சர்வருக்குப் போய்ச் சேராது.

எம்எக்ஸ் விஷயம். முதன்மை டொமைன் கூகுளிலேயே இருக்கட்டும். புக்கிங்குக்கு ஒரு துணை டொமைன் வைத்து அதற்கு மட்டும் எம்எக்ஸ் கொடுங்க. எம்எக்ஸ் ஒரு ஹோஸ்ட் பெயரைக் காட்டணும், அந்தப் பெயருக்கு ஏ பதிவு (பெயருக்கு ஐபி சொல்லும் டிஎன்எஸ் பதிவு) இருக்கணும். ஐபியையோ சிநேமையோ (CNAME, வேறு பெயருக்குத் திருப்பும் பதிவு) காட்டக் கூடாது. முதன்மை டொமைனுக்கு இரண்டாவது எம்எக்ஸாக இதைச் சேர்க்கவே சேர்க்காதீங்க. ஸ்பேம் அனுப்புறவன் கடைசி எம்எக்ஸைத்தான் முதலில் தட்டுவான். பழைய புக்கிங் முகவரிக்கு வருவதை வொர்க்ஸ்பேஸ் ரவுட்டிங்கில் துணை டொமைனுக்குத் திருப்பிவிட்டால் வாடிக்கையாளர் எதையும் மாத்த வேண்டாம்.

திருப்பிவிட்ட மெயிலில் இரண்டு தொல்லை வரும். மென்பொருளில் எஸ்பிஎஃப் சோதனை (அனுப்பிய ஐபிக்கு அந்த டொமைன் அனுமதி தந்திருக்கா என்று பார்ப்பது) ஓடினால், வந்த ஐபி கூகுளுடையதோ நம்ம வாடகை சர்வருடையதோ, உறையிலுள்ள அனுப்புநர் டொமைன் வாடிக்கையாளருடையது, அதனால் தோற்கும். அந்த வழியில் எஸ்பிஎஃப் பார்த்து நிராகரிக்காதீங்க. அடுத்து, 'டு' தலைப்பில் பழைய முகவரிதான் இருக்கும். எந்த விதி ஓடணும் என்பதை ஆர்சிபிடி டு (அனுப்பும் சர்வர் 'யாருக்கு' என்று சொல்லும் கட்டளை) முகவரியை வைத்து முடிவு பண்ணுங்க.

பட்டியலில் இல்லாத முகவரிக்கு ஆர்சிபிடி கட்டத்திலேயே 550 5.1.1 (அப்படி ஒரு முகவரி இல்லை) சொல்லணும். எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு அப்புறம் திருப்பி அனுப்பினால், முகவரி போலியாகப் போடப்பட்ட அப்பாவிகளுக்குத்தான் போய்ச் சேரும். அந்தப் பட்டியலை போஸ்ட்ஃபிக்ஸிலும் வைக்கணும், வெளியாள் பேசுவது அதனிடம்தான். ரிலே (வெளியாளின் மெயிலை வேறு இடத்துக்கு அனுப்பிக் கொடுப்பது) இரண்டு பக்கமும் மூடியிருக்கட்டும். 'நம்பும் ஐபி' பட்டியலில் 192.168 முழுவதையும் போடாதீங்க. சில ரவுட்டர் உள்ளே வரும் இணைப்பின் மூல ஐபியைத் தன் ஐபியாக மாத்திடும், அப்போ உலகமே உள்வீட்டு ஆளாகத் தெரியும். லாக்கில் உண்மையான வெளி ஐபி பதிவாகிறதா என்று பார்த்த பிறகே எம்எக்ஸை வெளியிடுங்க.

250 (வாங்கிக்கிட்டேன்) என்று பதில் சொன்ன நொடியிலிருந்து அந்த மெயிலுக்கு நாம் பொறுப்பு. டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே 250 போகணும். டிஸ்க் நிரம்பினால் 452 கொடுத்தால் போதும், அனுப்பும் சர்வர் திரும்ப வரும். பிடிஎஃப் படிக்கும் வேலையை இணைப்பு திறந்திருக்கும்போதே செய்யாதீங்க. அனுப்புநர் பொறுமையிழந்து அறுத்துட்டு மறுபடி அனுப்புவார், ஒரே புக்கிங் இரண்டாகப் பதிவாகும். மெசேஜ்-ஐடியை (ஒவ்வொரு மெயிலுக்கும் உள்ள தனி அடையாளம்) வைத்து இரட்டையைத் தடுங்க. அளவு வரம்பை 35 எம்பி வைங்க. 20 எம்பி பிடிஎஃப் பேஸ்64-இல் (மெயிலில் அனுப்ப பைட்டுகளை எழுத்தாக்கும் முறை) 27 எம்பியைத் தாண்டும்.

பாயான்லெப்பாஸ்_நிரலர்:
தமிழ்த் தலைப்புக்கு நான் சொல்றேன். தலைப்பு யுடிஎஃப்-8 பேஸ்64 துண்டுகளாக வரும், ஒரு துண்டு அதிகபட்சம் 75 எழுத்து. முன்னும் பின்னும் உள்ள குறிகள் 12 போக, பேஸ்64-க்குக் கிடைப்பது 60, அதாவது 45 பைட். தமிழ்க் குறியீடு ஒன்று 3 பைட் என்பதால் சரியாக 15 பிடிக்கும். 'கொ' மாதிரி எழுத்துக்கு இரண்டு குறியீடு வேணும். நடுவில் ஒரு இடைவெளியோ எண்ணோ வந்தால் கணக்கு நகரும். குறியீட்டைப் பிளக்காமல் வெட்டணும் என்பதே விதி, ஆனா சில அனுப்பும் மென்பொருள் 45 பைட்டில் கண்ணை மூடிக்கிட்டு வெட்டும். துண்டுகளைத் தனித்தனியாக யுடிஎஃப்-8 ஆக்கினால் வெட்டிய இடத்தில் எழுத்து உடையும்.

தீர்வு: ஒவ்வொரு துண்டையும் பேஸ்64-லிருந்து பைட்டாக்கி, பைட்டுகளை ஒட்டி, கடைசியில் ஒரே தடவை யுடிஎஃப்-8 ஆக்குங்க. பேஸ்64 எழுத்தையே ஒட்டாதீங்க, நடுவில் வரும் = குறி கெடுக்கும். துண்டுகளுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தையும் விடணும். மென்பொருளில் ஸ்கிரிப்ட் எழுத இடம் இருந்தால் மூலத் தலைப்பை எடுத்து அங்கேயே செய்யலாம்.

ஒன்றிரண்டு எழுத்து மட்டும் உடையாமல் முழுத் தலைப்பும் ????? என்று வந்தால் மெயிலில் குறையில்லை. எஸ்க்யூஎல் சர்வரில் அந்தப் பத்தி வார்சார் ஆக இருக்கும், என்வார்சார் ஆக்குங்க, இன்சர்ட் வரியில் மேற்கோளுக்கு முன்னால் N என்ற எழுத்தையும் சேருங்க.