'கரு'வுக்கு வேறு தமிழ்ச் சொல் உண்டா? உதவி தேவை

வணக்கம். சமூக மன்றக் கலந்துரையாடலுக்காக ஸ்டெம் செல் (உடலின் பலவகைச் செல்களாக மாறக்கூடிய செல்) ஆய்வு பற்றி இரண்டு பக்கக் கையேடு ஒன்றைத் தயாரிக்கிறோம். இடிப்பது ஒரே சொல்தான்: கரு.

"கருவிலிருந்து செல் எடுக்கிறார்கள்" என்று எழுதினால் கை கால் முளைத்த சிசுதான் வாசிப்பவர் மனத்தில் வரும். பேசப்படுவதோ கருவுற்று 5 நாளான, நூறு இருநூறு செல்கள் கொண்ட, மணல் துகளளவு உருண்டை. கருப்பைக்குள் போகாதது, ஆய்வகத் தட்டில் வளர்வது. ஸ்டெம் செல்லுக்காக, உள்ளே ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும் செல் திரளைப் பிரித்தெடுத்தால் அந்த உருண்டை மேற்கொண்டு வளராது. சர்ச்சையே அங்கேதான். ஆகவே வெறும் 'செல் உருண்டை' என்று மழுப்பினால் எதிர்ப்பவர்களுக்கு அநியாயம். 'இளங்கரு' சரிவருமா?

அடுத்தது 14 நாள் வரம்பு, அதாவது கருவை ஆய்வகத்தில் அதற்கு மேல் வளர்க்கக் கூடாது என்பது. சிங்கப்பூரின் 2004 மனித நகலாக்கத் தடைச் சட்டத்தில், உறைநிலையில் இருந்த நாள்கள் இந்தக் கணக்கில் சேராது. அந்த நாள் வாக்கில் கருவில் தோன்றும், உடல் உருவாகத் தொடங்குவதைக் காட்டும் முதல் கோடான பிரிமிட்டிவ் ஸ்ட்ரீக்கிற்கு (primitive streak) 'ஆதிக்கீற்று' என்று போட்டிருக்கிறோம். பாடநூல் சொல் தெரிந்தால் சொல்லுங்கள். (ஸ்டெம் செல்லுக்குத் 'தண்டுவடச் செல்' என்பது வேண்டவே வேண்டாம், தண்டுவடம் முதுகில் இருப்பது!)

"தோல் செல்லையே ஸ்டெம் செல்லாக மாற்றலாமே, கரு எதற்கு?" என்று கட்டாயம் கேட்பார்கள். ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாக்கா 2007இல் மனிதத் தோல் செல்லில் அதைச் செய்தார். ஆனால் அப்படி மாற்றிய செல்கள் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படுவது கருவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களோடுதான். இதை இரண்டு வரியில் எளிமையாக எழுதித் தர தாதியர், உயிரியல் ஆசிரியர் யாராவது முன்வருவீர்களா? வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.