பத்துக்கு நாலரை கவரில் முகவரி அச்சிடும்போது எழுத்து ஓரத்துக்கு ஓடுகிறது, பின்கோடு பூஜ்யமாகிறது: உதவி தேவை

மலைக்கோட்டை மகள்

வணக்கம். அப்பா ஓர் ஓய்வூதியர் சங்கத்தின் செயலாளர். ஆண்டுப் பொதுக்குழு அழைப்பு சுமார் 240 உறுப்பினர்களுக்குத் தபாலில் போக வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன என்று நானும் கேட்டுப் பார்த்தேன். "விதியில் தபால் என்றுதான் இருக்கிறது" என்று முடித்துவிட்டார். இதுவரை கையால் முகவரி எழுதிவந்த பொருளாளர் மாமாவுக்கு இப்போதுதான் கண் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. அதனால் வேலை என் தலையில்.

என்னிடம் இருப்பது: இங்க் டேங்க் பிரிண்டர், தாளைப் பின்பக்கம் நிறுத்தி வைக்கும் வகை. விண்டோஸ் 10, வேர்ட் 2016. முகவரிகள் எக்செலில். கவர், கடையில் "பத்துக்கு நாலரை" (அங்குலக் கணக்கு) என்று கேட்டு வாங்கிய சாதா வெள்ளை கவர்.

வேர்டில் மெயிலிங்ஸ் போய், மெயில் மெர்ஜில் (பட்டியலிலிருந்து முகவரிகளைத் தானாக நிரப்பும் வசதி) என்வலப் என்று எடுத்து, அளவுப் பட்டியலில் "சைஸ் 10" கொடுத்தேன். வந்த கோளாறுகள் இவை:

முகவரி நினைத்த இடத்தில் விழவில்லை, ஓரத்துக்கு நகர்ந்துவிடுகிறது. கடைசி வரி சில கவர்களில் பாதி வெட்டுப்படுகிறது.

சிலருக்குப் பின்கோடு சரியாக வருகிறது, சிலருக்கு வெறும் 0 வருகிறது. எக்செலில் திறந்து பார்த்தால் எண் ஒழுங்காக இருக்கிறது!

தமிழ் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது. எழுத்தளவை 14 ஆக்கினால் எண்கள் மட்டும் பெரிதாகின்றன, தமிழ் அசையவே இல்லை.

ஒரு நாற்பது பேரின் முகவரி ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கந்தர்கோலமாக இருக்கிறது. அது பழைய செயலாளர் காலத்தில் தட்டியது என்கிறார் அப்பா.

எதிலிருந்து தொடங்குவது?

ஜெராக்ஸ் அண்ணன்

கவரிலிருந்து தொடங்குங்கள், சகோதரி. பட்டியலை அப்புறம் பார்க்கலாம்.

"சைஸ் 10" என்பது பத்து அங்குலம் இல்லை. அது அமெரிக்க கவரின் பெயர். அதன் அளவு ஒன்பதரைக்கு நாலே அரைக்கால் அங்குலம், அதாவது 241 மி.மீ.க்கு 105 மி.மீ. நீங்கள் வாங்கியிருப்பது 254க்கு 114. நீளத்தில் அரை அங்குலம் வித்தியாசம் வருகிறது. என் கடையில் வாரம் ஒருவராவது இதில் மாட்டிக்கொண்டு வருகிறார்.

என்வலப் அளவுப் பட்டியலின் கடைசியில் கஸ்டம் சைஸ் இருக்கும். அதில் 25.4 செ.மீ., 11.43 செ.மீ. என்று கொடுங்கள். அதற்கு முன்னால் கவரை ஒரு ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். நம் ஊர் கவர்களில் இரண்டு மூன்று மி.மீ. கூடக்குறைய இருப்பது சகஜம்.

இதோடு முடியவில்லை. வேர்டிடம் சொன்ன அளவை பிரிண்டரிடமும் சொல்ல வேண்டும். பலரும் விடுவது இதைத்தான். பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் காகித அளவு ஏ4 என்றே நின்றுகொண்டிருந்தால் வேர்டில் என்ன மாற்றினாலும் எழுத்து ஓடும். அங்கே யூசர் டிஃபைன்ட் அல்லது கஸ்டம் என்று இருக்கும். அதில் அகலத்துக்குச் சின்ன பக்கத்தையும் நீளத்துக்குப் பெரிய பக்கத்தையும் கொடுங்கள், ஏனென்றால் கவர் குறுகிய பக்கமாகத்தான் உள்ளே போகும். சில டிரைவர்களில் இந்த வசதி இருக்காது. அப்படியானால் விண்டோஸில் பிரிண்டர்கள் பக்கத்துக்குப் போய் பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, புதிய ஃபார்ம் ஒன்றை இந்த அளவில் உருவாக்கிப் பெயர் வைத்துவிடுங்கள். பிறகு அந்தப் பெயர் காகித அளவுப் பட்டியலில் வரும்.

காகித வகையையும் என்வலப் என்று மாற்றுங்கள். கவர் இரட்டைத் தாள், தடிமன் அதிகம். சாதா தாள் என்று விட்டால் சில பிரிண்டர்களில் ஹெட் உரசி மை இழுபடும்.

மலைக்கோட்டை மகள்

நன்றி அண்ணா. அளந்து பார்த்தேன், என் கவர் 253க்கு 114 இருக்கிறது. இரண்டு இடத்திலும் மாற்றியதும் வெட்டுப்படுவது நின்றுவிட்டது. ஆனால் முகவரி தலைகீழாக வருகிறது. மூடி கீழே இருக்கும்படி பிடித்தால்தான் படிக்க முடிகிறது. ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தும் இருக்கிறது.

ஜெராக்ஸ் அண்ணன்

தலைகீழ் என்றால் பாதி வெற்றி!

என்வலப் ஆப்ஷன்ஸில் பிரிண்டிங் ஆப்ஷன்ஸ் என்று இன்னொரு தாவல் இருக்கும். கவர் எப்படி உள்ளே போகிறது என்று ஆறு சின்னப் படங்கள் அதில் தெரியும். உங்கள் பிரிண்டரின் தாள் தடுப்புகளைப் பாருங்கள். ஒன்றை நகர்த்தினால் இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் தாள் நடுவில் நிற்கிறது என்று பொருள், கவர் நடுவில் இருக்கும் படத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று மட்டும் நகர்ந்தால், அசையாத தடுப்பு எந்த ஓரமோ அந்த ஓரத்துப் படம். தலைகீழுக்கு அதே இடத்தில் க்ளாக்வைஸ் ரொட்டேஷன் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள், ஏற்கெனவே டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கவரை வீணாக்கிச் சோதிக்க வேண்டாம். பழைய தாளைக் கவர் அளவுக்கு வெட்டி, மேல் இடது மூலையில் பென்சிலால் அம்புக்குறி போட்டு, அதை விட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் எந்தத் திசையில் அச்சாகிறது என்பது ஒரே தடவையில் தெரிந்துவிடும்.

சாய்வுக்குக் காரணம் மூடிப் பக்கத்துத் தடிமன். அந்தப் பக்கம் உப்பி இருப்பதால் ரோலர் ஒரு பக்கத்தை மட்டும் முன்னால் இழுக்கிறது. கட்டைப் பிரித்து, மடிப்பு ஓரங்களை ஸ்கேலால் அழுத்தித் தேய்த்து, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு வையுங்கள். ஒரு தடவைக்கு ஐந்தாறு போதும், முப்பது நாற்பதைச் சேர்த்துத் திணித்தால் இரண்டு இரண்டாக இழுக்கும். மூடி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறும், கையேட்டில் படம் இருக்கும்.

நெடுவரிசை நேசன்

பூஜ்யப் பின்கோடு எனக்கு ரொம்பப் பழக்கமான ஆசாமி. உங்கள் பட்டியலில் சிலருக்கு 620001 என்றும் சிலருக்கு 620 001 என்று இடைவெளி விட்டும் இருக்கிறது, சரிதானே? இடைவெளி இல்லாததை எக்செல் எண்ணாக வைத்துக்கொள்ளும், இடைவெளி இருப்பதை எழுத்தாக வைத்துக்கொள்ளும். வேர்ட் அந்த நெடுவரிசையை வாங்கும்போது முதல் சில வரிகளைப் பார்த்து "இது எண் நெடுவரிசை" என்று முடிவுகட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் எழுத்துகளெல்லாம் 0 ஆகவோ வெற்றிடமாகவோ போய்விடும்.

தீர்வு: பக்கத்தில் ஒரு காலி நெடுவரிசையில் சப்ஸ்டிட்யூட் ஃபார்முலா போட்டு இடைவெளியை நீக்குங்கள். விடை எல்லா வரியிலும் எழுத்தாகவே வரும். மெர்ஜில் பழைய நெடுவரிசைக்குப் பதில் இதைச் சேருங்கள். வெறுமனே நெடுவரிசையைத் தேர்ந்து ஃபார்மேட்டை டெக்ஸ்ட் என்று மாற்றினால் வேலைக்காகாது. ஏற்கெனவே தட்டிய எண்கள் எண்ணாகவே கிடக்கும்.

தமிழ் அளவு பெரிதாகாததற்கு வேறு காரணம். வேர்டில் தமிழ், அரபி போன்ற எழுத்துகளுக்கு எழுத்துருவும் அளவும் தனிக்கணக்கு. நீங்கள் தேர்ந்தெடுத்து 14 ஆக்கியது மெர்ஜ் புலத்தின் (முகவரி வந்து உட்காரும் இடத்தின்) பெயரை. அது ஆங்கிலத்தில் இருப்பதால் மாற்றம் ஆங்கிலக் கணக்கில்தான் ஏறும். புலங்களைத் தேர்ந்துகொண்டு ஃபாண்ட் பெட்டியைத் திறந்தால் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்று தனிப் பகுதி இருக்கும். அங்கே நிர்மலா யுஐ அல்லது லதா, அளவு 13 என்று கொடுங்கள். அந்தப் பகுதியே தெரியவில்லை என்றால் ஆபீஸ் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டு வாருங்கள். லிப்ரெஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், அங்கே சிடிஎல் என்று இருக்கும்.

கந்தர்கோல நாற்பது பேர் அனேகமாக பாமினி அல்லது வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் தட்டியவை. அவற்றில் உண்மையில் சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு மேலே தமிழ் வேடம் போட்டுக் காட்டும். மெர்ஜ் வேடத்தைக் கொண்டுவராது. அந்த வரிகளை மட்டும் தனித் தாளுக்கு எடுத்து, இப்போதைய பொது முறையான யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள். இணையத்தில் மாற்றித் தரும் பக்கங்கள் நிறைய உண்டு, ஆனால் நாற்பது பெரியவர்களின் பெயரையும் வீட்டு முகவரியையும் முகம் தெரியாத இடத்தில் ஒட்ட எனக்கு மனசு வராது. கணினியிலேயே ஓடும் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றைப் பயன்படுத்துங்கள். ஆங்கிலத்தில் தட்டிய இனிஷியலும் ஊர்ப் பெயரும் இடையில் இருந்தால் கன்வெர்ட்டர் அவற்றையும் தமிழ் என்று நினைத்துக் குதறிவிடும், கண்ணால் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும்.

குறுக்கு வழி

இவ்வளவு பாடு எதற்கு? உள்ளே இருக்கும் முகவரி வெளியே தெரியும் ஜன்னல் கவர் வாங்கி, அழைப்புக் கடிதத்தின் மேலேயே முகவரியை மெர்ஜ் செய்தால் கவரில் அச்சே வேண்டாமே. ஏ4-ஐ மூன்றாக மடித்தால் 99 மி.மீ. உயரம் வரும். 220க்கு 110 அளவு கவரில் கச்சிதமாக உட்காரும்.

மலைக்கோட்டை மகள்

நல்ல யோசனைதான். ஆனால் 250 கவர் வாங்கி வைத்தாயிற்று, திருப்பிக் கொடுக்க அப்பா சம்மதிக்க மாட்டார். அழைப்பும் ஏற்கெனவே அச்சகத்துக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டுக்குக் குறித்துக்கொள்கிறேன்.

நேசன் சார், நீங்கள் சொன்னபடியே இடைவெளிதான் காரணம். அதுவும் தமிழ் அளவும் சரியாகிவிட்டன. பாமினி வேலை நடக்கிறது.

பழைய சார்ட்டர்

அஞ்சல் பிரிப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். நீங்கள் பிரிண்டரைக் கவனித்தது போதும் அம்மா, கொஞ்சம் கடிதத்தையும் கவனியுங்கள்.

அச்சிடுவதற்கு முன்னால் பட்டியலைப் பின்கோடு வரிசையில் அடுக்கிப் பாருங்கள். 1972 ஆகஸ்ட் 15-இல் வந்த முறை இது. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு. முதல் மூன்றும் சேர்ந்து பிரிப்பு மாவட்டத்தைச் சொல்லும். திருச்சி 620, கும்பகோணம் 612, தஞ்சாவூர் 613, புதுக்கோட்டை 622, கரூர் 639. தஞ்சாவூர் முகவரியில் 631 என்று இருந்தால் யாரோ எண்ணை மாற்றித் தட்டியிருக்கிறார்கள், அது காஞ்சிபுரம், அரக்கோணம் பக்கம். கடிதம் ஊர் சுற்றிவிட்டு வரும். இப்படி அடுக்கினால் தப்பு தானாகக் கண்ணில் குத்தும்.

தமிழ்நாட்டுக்குள் தமிழ் முகவரி தாராளமாகப் போகும். பிள்ளைகளோடு பெங்களூர், புனே என்று போய்விட்ட உறுப்பினர்களுக்கு முழு முகவரியையும் ஆங்கிலத்தில் போடுங்கள். முகவரி கவரின் வலது பாதியில் கீழாக இருக்கட்டும். மேல் வலது மூலை தபால்தலைக்கும் முத்திரைக்கும் உரியது. அனுப்புநரை இடது பக்கம் கீழே போடுங்கள், இதை விட்டுவிட்டால் வீடு மாறியவர்களின் கடிதம் திரும்பி உங்களிடம் வராது.

ஒரு கவரை எடை போட்டும் பாருங்கள். கடிதத்துக்கு முதல் அடுக்கு 20 கிராம். ஏ4 தாள் ஒன்று ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவு. வரவு செலவு அறிக்கையையும் சேர்த்து மூன்று நான்கு தாள் வைத்தால் கவரோடு எல்லையைத் தாண்டிவிடலாம். போதாத தபால்தலையோடு போனால் பெறுபவரிடம் வசூலிப்பார்கள். ஓய்வூதியர்கள் அதைப் பொதுக்குழுவில் எழுப்பாமல் விடமாட்டார்கள்!

மலைக்கோட்டை மகள்

ஐயா, கடைசி வரியை அப்பாவிடம் காட்டினேன், சிரித்துவிட்டு உடனே தராசு எடுத்துவரச் சொன்னார். பின்கோடு வரிசையில் அடுக்கியதில் தப்பான எண்கள் ஏழு சிக்கின.

இன்னும் ஒரு சந்தேகம். மழைக்காலம், கவரில் மை கரையாதா?

ஜெராக்ஸ் அண்ணன்

மையைப் பொறுத்தது. சில டேங்க் பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை, அது அவ்வளவாகக் கரையாது. டை மை என்றால் கரையும். அச்சான ஒன்றை அரை மணி நேரம் காயவிட்டு ஈரவிரலால் தேய்த்துப் பாருங்கள். கரைந்தால் முகவரியின் மேல் வெள்ளை மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்துவிடுங்கள், பழைய ஆட்கள் செய்வது, இன்றும் வேலை செய்கிறது. அச்சானதும் கவர்களை ஒன்றன்மேல் ஒன்றாக உடனே அடுக்காதீர்கள்.

அச்சிடும்போது மெர்ஜை நேராக பிரிண்டருக்கு விடாமல், எடிட் இண்டிவிஜுவல் டாக்குமென்ட்ஸ் கொடுத்துத் தனிக் கோப்பாக்கிக்கொள்ளுங்கள். பிறகு பக்கம் 1 முதல் 20 வரை, 21 முதல் 40 வரை என்று விடலாம். நடுவில் ஒரு கவர் சிக்கினால் எங்கே நின்றது என்று தெரியும்.

முகூர்த்த நாள்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். தங்கையின் கல்யாணப் பத்திரிகை கவர், பளபளப்பான தாள், தங்க நிறத்தில் பிள்ளையார் அச்சு. இதே முறை சரிவருமா?

ஜெராக்ஸ் அண்ணன்

வராது தம்பி. பளபளப்புத் தாள் மையை உறிஞ்சாது, தொட்டாலே இழுபடும். லேசரில் விடலாமென்றால் உள்ளே இருக்கும் சூட்டுக்குத் தங்க ஃபாயில் ஒட்டிக்கொள்ளும், பிரிண்டருக்கே ஆபத்து. ஸ்டிக்கர் தாளில் அடித்து ஒட்டுங்கள். ஏ4-இல் 24 உள்ளதை வாங்காமல் 12 உள்ளதை வாங்குங்கள், நம் முகவரிகள் ஐந்தாறு வரி ஓடும். மெர்ஜில் முதல் ஸ்டிக்கரை அமைத்ததும் அப்டேட் லேபிள்ஸ் பொத்தானை அழுத்த மறந்தால் மற்ற பதினொன்றிலும் முகவரி வராது. பாதி உரித்த தாளை மறுபடி பிரிண்டரில் விடாதீர்கள், உள்ளே ஒட்டிக்கொண்டால் மெக்கானிக்தான் வரவேண்டும்.

மூலையில் மஞ்சள் தடவுவதை ஸ்டிக்கர் ஒட்டி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஈர மஞ்சள் கை பட்டால் ஸ்டிக்கர் பிடிக்காது.