நோயாளி எதிரே இருக்க, திரையில் தேடும்போது

பலதுறை மருந்தக மருத்துவர்:
கையில் மூன்று நிமிடம்தான் என்றால் பப்மெட்டை, அதாவது மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் தேடுதளத்தை, திறக்காதீர்கள். ஆய்வுச் சுருக்கத்தின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு மருந்து எழுதுவதில்தான் போய் முடியும். முதலில் நம் சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சின் ஏஸ் சிகிச்சை வழிகாட்டி, சில பக்கங்களில் முடிந்துவிடும். அதில் இல்லையென்றால் அப்டுடேட், தலைப்புவாரியாகச் சான்றுகளைத் தொகுத்துத் தரும் இணையத்தளம். அங்கே இரண்டு தேதிகள் இருக்கும். ஆய்வுகளைப் பரிசீலித்த மாதம் எல்லாத் தலைப்பிலும் புதிதாகவே தெரியும், அதை நம்பி ஏமாற வேண்டாம். அந்தத் தலைப்பைக் கடைசியாகத் திருத்திய நாளைப் பாருங்கள். பரிந்துரைக்குப் பக்கத்தில் 2சி என்றிருந்தால் சான்றும் பலவீனம், பரிந்துரையும் பலவீனம்.

வார்டு மருந்தாளர்:
தேதி சரி டாக்டர், எங்களிடம் திரும்பி வரும் மருந்துச் சீட்டுகளில் சிக்கல் வேறு இடத்தில். சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின், அமெரிக்கப் பக்கங்களில் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் இருக்கும், நம் ஆய்வக அறிக்கையில் லிட்டருக்கு மைக்ரோமோலில். நம் எண்ணை 88.4ஆல் வகுக்க வேண்டும். இதையாவது பலரும் கவனித்துவிடுகிறார்கள். கவனிக்காமல் போவது இது: இரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்ஸபாரின் ஊசியின் சிகிச்சை அளவை, கிரியேட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் அதை வெளியேற்றும் வேகம்) 30க்குக் கீழே போனால் கிலோவுக்கு 1 மில்லிகிராம், நாளுக்கு ஒரே வேளை என்று குறைக்கச் சொல்வார்கள். அந்த 30, வயதோடு எடையையும் சேர்த்துப் போடும் காக்கிராஃப்ட்-கால்ட் கணக்கில் வருவது. அறிக்கையில் அச்சாகி வரும் இஜிஎஃப்ஆர், சிறுநீரக வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு, வேறு. 82 வயதுப் பாட்டி, எடை 42 கிலோ, கிரியேட்டினின் 95 என்று வையுங்கள். இஜிஎஃப்ஆர் 50ஐ ஒட்டி வரும். காக்கிராஃப்ட்-கால்ட்டில் போட்டால் 27தான். தேடிப் படித்த பக்கம் சரி, பொருத்திய எண் தப்பு. அளவைக் குறைக்காமல் இரண்டு வேளை ஊசி எழுதிவிடுவோம்.

மருத்துவ நூலகர்:
பப்மெட்டில்தான் தேடியாக வேண்டும் என்றால் அதிலுள்ள கிளினிக்கல் குவெரீஸ் பக்கத்துக்குப் போய் சிகிச்சை, குறுகிய தேடல் என்று தேர்ந்தெடுங்கள். சொல்லை மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள். போட்டால் இணைச்சொற்களைத் தானாகச் சேர்ப்பது நின்றுவிடும். பாராசிட்டமால் என்று தேடுபவருக்கு, அதே மருந்தை அசிட்டமினோஃபென் என்று மட்டும் எழுதிய கட்டுரைகள் நழுவும்.

இன்னொன்று. தேடுமுன் உங்கள் விடையை ஒரு வரி எழுதி வையுங்கள். 2005இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், மருத்துவப் பணியாளர்கள் இணையத்தில் தேடியபின் சரியான விடைகள் 29 விழுக்காட்டிலிருந்து 50க்கு ஏறின. ஆனால் 7 விழுக்காட்டில், முதலில் சரியாகச் சொன்னதையே தேடியபின் தப்பாக மாற்றிவிட்டார்கள். எழுதி வைத்தால்தான் எதை, எந்த வரியைப் பார்த்து மாற்றினோம் என்பது தெரியும்.

பலதுறை மருந்தக மருத்துவர்:
ஒத்துக்கொள்கிறேன். கூடவே, ஆய்வு யாரிடம் நடந்தது என்றும் பாருங்கள். வலிப்பு மருந்தான கார்பமசிபினுக்கு ஐரோப்பிய ஆய்வை மட்டும் படித்தால், அதனால் கடுமையான தோல் பாதிப்பு வரும் ஆபத்தைக் கூட்டும் எச்எல்ஏ-பி*1502 மரபணு வகை அபூர்வம் என்று தோன்றும். இங்கே அப்படி விட முடியாது. ஆசிய வம்சாவளியினருக்குப் புதிதாகத் தொடங்குமுன் அந்த மரபணுப் பரிசோதனை வேண்டும் என்று சுகாதார அமைச்சும் சுகாதார அறிவியல் ஆணையமும் 2013இலேயே சொல்லிவிட்டன. முடிவு வரும்வரை வேறு மருந்து கொடுங்கள்.